சேலத்து வெயிலும் அருளப்பன் அத்தானின் கோட்டும்

இலங்கையின் குளிர்மலை ஊரான நுவரெலியாவில் பெண்பிள்ளைகளுக்குச் சுகாதாரம் படிப்பிக்கிற ஆசிரியை நான். எங்கள் புத்தகத்தில் வெயிலால் வரும் நோய்களைப் பற்றி ஒரு பாடம் உண்டு. கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பெரிய கூத்து என்று நான் விளக்கத் தேவையில்லை. ‘கடும் வெயிலில் வியர்வை நின்றுபோனால் ஆபத்து’ என்று ஒருமுறை கரும்பலகையில் எழுதினேன். முன் வரிசைப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கி, “டீச்சர், வியர்வை எப்படி இருக்கும்?” என்று கேட்டது. எதையோ சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்குச் சேலத்தில்தான் கிடைத்தது.

என் அக்கா பிலோமினாவைச் சேலத்துக்குக் கட்டிக்கொடுத்து நெடுங்காலம் ஆகிறது. அவள் மகள் ரீட்டாவுக்குக் கலியாணம் என்றதும் லீவு வாங்கிக்கொண்டு கடல் தாண்டிவிட்டேன். ஏன் இந்த வேகாத வெயிலில் கலியாணம் வைத்தார்கள் என்று கேட்கக் கூடாது. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசுகாலத்தில் கலியாணம் கிடையாது. ஈஸ்டர் கழிந்த பிறகுதான் மேளம் கொட்டலாம். ஈஸ்டரோ, சேலத்து வெயில் வரிந்து கட்டிக்கொண்டு இறங்குகிற சமயம் பார்த்துத்தான் வருகிறது.

சேலம் ஜங்ஷனில் ரயிலிலிருந்து இறங்கியதும் முகத்தில் அனல் அடித்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டேனாக்கும் என்று பிளாட்பாரத்தின் மறுகோடிக்கு நடந்தேன். அங்கேயும் அதே அனல்தான். நான் கம்பளிச் சால்வை வேறு போர்த்தியிருந்தேன். பக்கத்தில் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, காய்ச்சலுங்களா?” என்று அக்கறையாக விசாரித்தாள். இல்லை, ஊர்ப் பழக்கம் என்றேன். “என்ன ஊரோ சாமி” என்று சொல்லிவிட்டு விசிறியை என் பக்கம் திருப்பி வீசத் தொடங்கினாள். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் உபசாரம் அது.

அழைத்துப் போக அத்தான் வந்திருந்தார். அருளப்பன் அத்தான் பாசஞ்சர் வண்டி ஓட்டும் எஞ்சின் டிரைவர். தேக்குக் கட்டை மாதிரி உடம்பு, அதைவிட அழுத்தமான பிடிவாதம். ரயில்வே குவார்ட்டர்ஸ் சூரமங்கலத்தில், ஸ்டேஷனுக்குக் கிட்டத்திலேயே. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் நான் ஊரைப் பற்றிப் புலம்பியதைக் கேட்டு அவர் சிரித்தார்.

“இதெல்லாம் ஒரு வெயிலா ஸ்டெல்லா? நெருப்போட குடித்தனம் பண்றவன் நான். எஞ்சினுக்குத் தண்ணி பிடிச்ச பிறகுதான் நான் ஒரு வாய் குடிப்பேன். அது நின்னா வண்டி நின்னுடும். நான் நிக்க மாட்டேன்” என்றார்.

பெருமைக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அக்கா சட்டங்களை அறிவித்தாள். வெயில் ஏறின பிறகு வாசல் தாண்டக் கூடாது. தாண்டியே ஆகவேண்டுமென்றால் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாம்பழம் சூடு, ஆகையால் அளவோடு. இந்தக் கடைசிச் சட்டத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சேலத்துக்கு வந்து மாம்பழத்தை அளவோடு தின்பதற்கு நான் என்ன சந்நியாசியா?

காலைச் சாப்பாடு கம்பங்கூழ். மோர் விட்டுக் கரைத்து, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்தார்கள். எங்கள் ஊரில் காலையில் சுடச்சுடத் தேத்தண்ணி உள்ளே போகாவிட்டால் கைகால் ஓடாது. இங்கே அதே தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, குளிக்காமலே குளித்தவள்போல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் நானே கூழுக்குச் சட்டியை நீட்டிவிட்டேன். பனங்காட்டிலிருந்து விடியற்காலையில் இறக்கிய பதநீரைத் தெளுவு என்கிறார்கள். அதைக் குடித்த பிறகு எங்கள் ஊர்த் தேயிலையைப் பற்றி நான் பெருமை பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

இடையில் ஒருநாள் ஜேடர்பாளையம் போனோம். காவிரிக்குக் குறுக்கே அணைக்கட்டு கட்டியிருக்கிறார்கள். கோடையானதால் ஆறு மெலிந்திருந்தது. இருந்தும் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவள் நான்தான். கரையில் ஒரு பெண் மீனை மிளகாய் தடவிப் பொரித்துக்கொண்டிருந்தாள். மீன் வாசனைதான் என்னைக் கரையேற்றியது. ஆனால் ஆறும் மீனும் அரைநாள் சங்கதி. திரும்பி வரும்போது பஸ்ஸின் தகரத்தில் கைபட்டு நான் போட்ட கூச்சலில் கண்டக்டர் விசில் ஊதி வண்டியையே நிறுத்திவிட்டார்.

கலியாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தான் பெட்டியிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டை எடுத்தார். அவருடைய மேலதிகாரியாக இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். முழுக் கம்பளி. அந்தக் கனத்தில் நுவரெலியாவிலேயே மார்கழியில்தான் போடுவார்கள். “சீமையில் தேவைப்படுகிற கோட்டை இங்கே விட்டுவிட்டு அவர் எதைப் போட்டுக்கொண்டாராம்?” என்று கேட்டேன். அத்தான் காது கொடுக்கவில்லை. பெண்ணின் தகப்பன் கோட்டில்லாமல் கோவிலுக்குள் நுழைவதா?

கோட்டைவிட எனக்குக் கவலை தந்தது இன்னொன்று. பூசையில் நன்மை வாங்க, அதாவது சாமியார் கையால் திவ்விய அப்பம் வாங்க வேண்டுமென்றால் நடுச்சாமத்திலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது. முன்பெல்லாம் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்து அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் அதை மறுவாரமே கடைப்பிடிக்கத் தொடங்கியவள். அத்தான் அப்படியில்லை.

“அவங்க அங்க உக்காந்துக்கிட்டு ஆயிரம் சொல்லுவாங்க. எங்கப்பா தண்ணி தொடாமத்தான் நன்மை வாங்கினாரு. நானும் அப்படித்தான்” என்றார்.

நான் வாதாட வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்தினாள். பிறகு அடுப்படியில் வைத்துச் சொன்னாள். ரீட்டா சிறுமியாக இருந்தபோது அவளுடைய முதல் நன்மைக்கு அத்தானால் வரமுடியவில்லை. வழியில் எங்கோ சிக்னல் கிடைக்காமல் அவருடைய வண்டி நின்றுவிட்டது. வந்து சேர்ந்தபோது கோவில் காலி. பிள்ளை வெள்ளை உடுப்போடு வாசற்படியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அவர், இவள் கலியாணத்தன்று பக்கத்தில் முழங்காலிட்டு நன்மை வாங்குவேன் என்று சொல்லிவிட்டாராம். இத்தனை வருடமாக அவர் காத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான்.

கோவில் மாப்பிள்ளையின் ஊரில், வெண்ணந்தூரைத் தாண்டி ஒரு சின்னக் கிராமம். இருட்டோடு கிளம்பி, குளிர்ந்த வேளையிலேயே பூசையை முடித்துவிடுவதாக ஏற்பாடு. பேசிவைத்திருந்த பஸ் வெயில் வந்த பிறகுதான் வந்தது. முந்தின இரவும் அந்த வண்டிக்கு ஒரு கலியாணமாம். டிரைவர் இன்னும் முழுதாக விழித்திருக்கவில்லை. ஆனாலும் ஏறினோம். பெண்கள் பாட்டுப் பாடினார்கள். அத்தான் கோட்டின் பித்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மல்லூரைக் கடந்து கொஞ்ச தூரத்தில் பஸ்ஸின் மூக்கிலிருந்து புகை வந்தது. ரேடியேட்டர் கொதித்து, அதன் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. குடிப்பதற்கென்று நாங்கள் ஏற்றியிருந்த தண்ணீர்த் தகரத்தைக் கிளீனர் எங்களைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் கவிழ்த்தார். அது அப்படியே ஓட்டை வழியாகத் தரையில் ஓடிற்று. நாங்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரை மண் உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு எஞ்சின் பழுதாகி நிற்கும்போது அருளப்பன் அத்தானை நிழலில் உட்காரவைக்க யாரால் முடியும்? கோட்டோடு இறங்கி, கொதிக்கிற எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு டிரைவருக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். மற்றவர்கள் சாலையோரப் புளியமரத்தடியில் ஒதுங்கினோம். ஒட்டினாற்போல ஒரு தோட்டம். அங்கே மாடுகளைப் பூட்டிக் கிணற்றில் கவலை ஏற்றம் ஓட்டிக்கொண்டிருந்தார் ஒரு கவுண்டர். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் என்கிற தோல்பை நிறையத் தண்ணீர் கிணற்றிலிருந்து ஏறி வந்து வாய்க்காலில் கொட்டும். அவர் மனைவி பாவாயி எங்களைப் பார்த்ததும் ஒரு குடம் தண்ணீரோடு வந்துவிட்டாள். ரீட்டாவும் குடித்தாள். நான் ஒரு சொம்பு நிறைய அத்தானிடம் கொண்டுபோனேன். கையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார்.

“ஏனுங்க, அந்தக் கோட்டுக்காரரு வெய்யில்ல எதுக்கு நிக்கறாரு? அவருக்கும் நெழலுக்கும் ஏதாச்சும் சண்டைங்களா?” என்று பாவாயி கேட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

சைக்கிள் டியூபை அறுத்துக் குழாயில் சுற்றிக் கட்டும் வேலை நெடுநேரம் இழுத்தது. சூரியன் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று அத்தான் நிமிர்ந்து சாலையைப் பார்த்து, “சிக்னல் விழுந்திருச்சா?” என்று கேட்டார். அவருடைய வேடிக்கைப் பேச்சு ஊரறிந்தது, எனவே மரத்தடியில் சிரிப்பு எழுந்தது. “பயர்மேன் எங்கடா? கரி போடச் சொல்லு. கோவில்ல புள்ள காத்துக்கிட்டிருக்கு” என்றார் மறுபடியும். இன்னும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பயணத்தில் எல்லோருக்கும் நெற்றியில் வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய நெற்றி மட்டும் காய்ந்து, சிவந்து கிடந்தது. ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். அடுப்பில் ஏற்றிய தோசைக்கல்தான். நானே கரும்பலகையில் எழுதிய வரி கண்முன் வந்து நின்றது. அத்தான் என்னைப் பார்த்து, நீ யார் என்கிற மாதிரி விழித்தார். அடுத்த நிமிடம் முழங்கால் மடங்கிச் சரிந்தார்.

“கோட்டைக் கழட்டுங்க! தண்ணியில போடணும்!” என்று நான் கத்திய கத்தலில் என் குரலே எனக்கு அந்நியமாகப் பட்டது. பித்தானை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் அக்கா அந்தச் சீமைக் கோட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பித்தான்கள் நாலா பக்கமும் தெறித்தன.

“வாய்க்கால்ல படுக்க வெய்யுங்க சாமி, புங்கமரத்து நெழலுக்கு வாங்க!” என்று பாவாயி முன்னால் ஓடினாள். பிறகு கணவனைப் பார்த்து, “மாட்ட நிறுத்தீராதீங்க! ஓட்டுங்க, ஓட்டுங்க!” என்றாள்.

கவுண்டர் மாடுகளை விரட்டினார். அத்தானை வாய்க்காலில் கிடத்தி, தலையை என் மடியில் ஏந்திக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீர் ஒவ்வொரு சாலாக வந்து அவர் மார்பின்மேல் ஏறி ஓடியது. பாவாயி முறத்தால் விசிறினாள். யாரோ வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார்கள். நினைவு தெளியாமல் ஊற்றினால் புரையேறிவிடும் என்று நான் கையைத் தட்டிவிட்டேன். அக்கா தண்ணீரில் நின்றபடியே ஜெபமாலை உருட்டினாள். செத்துவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

வெகுநேரம் கழித்து அத்தான் கண்ணைச் சுழற்றி என்னைப் பார்த்தார். “என்ன ஸ்டெல்லா, என்னைக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கே?” என்றார். நான் அழுதேவிட்டேன்.

உடனே சொம்பை வாயருகே கொண்டுபோனேன். என்ன செய்தார் தெரியுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டார்! “பூசை முடியட்டும்” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சொம்பை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். ரோமாபுரி, உத்தரவு, உயிர், வைத்தியம் எல்லாவற்றையும் கலந்து கத்தினேன். அவர் அசையவில்லை. அப்போது ரீட்டா வந்தாள். கலியாணப் புடவையோடு வாய்க்காலுக்குள் இறங்கி, அவர் பக்கத்தில் தண்ணீரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“அப்பா, நீங்க குடிச்சாத்தான் நான் எந்திரிப்பேன்.”

“உன் முதல் நன்மைக்குத்தான் இந்த அப்பனால வரமுடியல. இன்னைக்கும் விட்டுருன்னு சொல்றியா கண்ணு?” என்று அவர் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டு முறத்தை வீசிக்கொண்டிருந்த பாவாயியும் நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் சாலையில் சைக்கிள் மணி கேட்டது. கலியாண கோஷ்டியைக் காணோமே என்று தேடிக்கொண்டு பங்குச் சாமியாரே வெள்ளை அங்கியைத் தூக்கிச் செருகியபடி வந்துகொண்டிருந்தார். வாய்க்காலில் பெண்ணும் தகப்பனும் உட்கார்ந்திருக்கிற காட்சியைப் பார்த்துத் திகைத்து நின்றார். அக்கா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பூசை வைக்க வேண்டியவரும் நடுச்சாமத்திலிருந்து பட்டினி இருந்தாக வேண்டும். சாமியார் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. பாவாயி பக்கம் திரும்பி, “அம்மா, எனக்கு ஒரு சொம்பு தண்ணி” என்றார்.

அவள் கொடுத்தாள். அண்ணாந்து, குரல்வளை ஏறி இறங்க, முழுச் சொம்பையும் குடித்து முடித்துத் தாடியைத் துடைத்துக்கொண்டார்.

“அருளப்பன், நான் இன்னும் பூசை வைக்கலை. இப்ப வைக்கலாமா, கூடாதா? நீரே சொல்லும்.”

அத்தான் காலிச் சொம்பைப் பார்த்தார். சாமியாரைப் பார்த்தார். நனைந்துபோன மகளைப் பார்த்தார். “வைக்கலாம் சாமி” என்று மெல்லச் சொல்லி, கையை நீட்டினார்.

நான் அவசரமாகப் பாவாயியிடம் ஒரு சிட்டிகை உப்பு வாங்கிச் சொம்பில் போடப் போனேன். சாமியார் என் கையைப் பிடித்தார். “வெறும் தண்ணீருக்குத்தான் அனுமதி, அம்மா. நன்மை வாங்கின பிறகு உப்பு, மோர், எது வேண்டுமானாலும் கொடும்.” உப்பை உதறினேன். அத்தான் வாய் வாயாகக் குடிக்கக் குடிக்க ரீட்டா சொம்பை ஏந்திக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸுக்கும் அதே கிணற்றுத் தண்ணீர்தான். கோட்டு வாய்க்கால் சேற்றில் ஊறிக் கிடந்தது. கவுண்டர் தம்முடைய வெளுத்த வேட்டியையும் துண்டையும் கொடுத்தார். திருப்பி அனுப்புகிறோம் என்று அக்கா சொன்னதற்கு, “அதுக்கென்னங்க, மொதல்ல பொண்ண நல்லபடியாக் கட்டிக் குடுங்க. நாங்க பொறவு ஊட்டுக்கு வாரோம்” என்றாள் பாவாயி. உண்மையாகவே மறுவாரம் இரண்டு பேரும் வந்து விருந்து சாப்பிட்டார்கள்.

கோவிலை அடுத்த கன்னியர் மடத்து மருந்தகத்தில் இருந்த கன்னியாஸ்திரித் தாயார் நாடி பார்த்தார். நிற்கக் கூடாது, நடக்கக் கூடாது, அன்று முழுவதும் வெயிலில் தலைகாட்டக் கூடாது என்று மூன்று கட்டளை போட்டார். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுப்பதை அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்தார். இடுப்பில் கவுண்டர் வேட்டி, தோளில் ஈரத்துண்டு. ஆனால் நன்மை வாங்கும் நேரம் வந்தபோது யார் பேச்சையும் கேட்கவில்லை. ரீட்டாவின் தோளைப் பற்றிக்கொண்டு இறங்கி, அவள் பக்கத்தில் முழங்காலிட்டார். நன்மை வாங்கித் திரும்பியவரின் முகத்தைப் பார்த்தேன். நெற்றியிலிருந்து கன்னம்வரை முத்து முத்தாக வழிந்துகொண்டிருந்தது. அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, வியர்வை! ஊருக்கு வந்த நாள் முதலாக வியர்வையைத் திட்டிக்கொண்டிருந்த நான், அந்த வியர்வைக்காகச் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொன்னேன்.

வெளியே வந்ததும் உப்பிட்ட மோரைச் சொம்பு சொம்பாகக் கொடுத்தேன். மறுக்காமல் குடித்தார். விருந்தில் எனக்கு மாம்பழம் கேட்காமலே மூன்று விழுந்தது.

நான் ஊருக்குத் திரும்பிய அன்று என் பாசஞ்சர் வண்டியை ஓட்டியது அத்தான்தான். அவர் மறுபடியும் வேலையில் சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வண்டி கிளம்புமுன் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பிளாட்பாரத்தின் கோடியில், தண்ணீர்க் குழாயின் கீழே எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. பயர்மேன் குழாயைத் திருப்பக் கையை வைத்தார். அத்தான் அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். படியிலேயே நின்று, கூஜாவைத் திறந்து, எனக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, நிதானமாகக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அதற்கப்புறம்தான் எஞ்சினுக்குத் தண்ணீர் கிடைத்தது.